தனிம வரிசை அட்டவணை: ஊகித்துப் படிக்கும் முறை

தனிமங்களின் பெயர்களைப் பாட்டாகக் கட்டி ஒப்பிப்பது வகுப்பறைப் பழக்கம். அட்டவணையோ ஊகிப்பதற்கென்றே பிறந்தது. ஊகித்துப் படித்தால்தான் அது பிடிபடும். காலியத்தின் கதையே இதற்குச் சான்று. அலுமினியத்துக்குக் கீழே ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்ட, அட்டவணையை வகுத்த மெண்டலீவ், அங்கே வரவேண்டிய உலோகத்தின் அடர்த்தி 5.9 அளவில் இருக்கும் என்று கணித்தார். 1875இல் பிரான்சில் லெகாக் த புவாபோத்ரான் அந்த உலோகத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். அளவு தவறு, சுத்தப்படுத்தி மறுபடி அளக்க வேண்டும் என்றார் மெண்டலீவ். அவரோ அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மறுபடி அளந்தபோது 5.9 வந்தது.

முதலில், முதல் 20 தனிமங்களின் அணு எண்ணை மட்டும் நெட்டுருப் போடுங்கள். அந்த அளவு மனப்பாடம் தவிர்க்க முடியாதது. பிறகு ஒவ்வொன்றுக்கும் எலக்ட்ரான் அமைப்பை எழுதுங்கள். சோடியத்துக்கு 2, 8, 1. கூடுகள் மூன்று என்பதால் அது மூன்றாம் வரிசையில் இருக்கிறது. கடைசிக் கூட்டில் ஒன்றே ஒன்று என்பதால் முதல் தொகுதியில் இருக்கிறது. அந்த ஒற்றை எலக்ட்ரானை இழப்பதுதான் சோடியத்தின் வேதியியலில் பெரும்பகுதி.

அடுத்து மேலிருந்து கீழாக இறங்குங்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் எனப் போகப்போகக் கூடுகள் கூடி, வெளி எலக்ட்ரானின் மீது அணுக்கருவின் பிடி தளர்கிறது. அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 520, 496, 419 கிலோஜூல் என்று குறைகிறது. தண்ணீரில் போட்டால் இது கண்ணுக்கே தெரியும்: லித்தியம் நிதானமாகக் குமிழி விடும், சோடியம் உருகி உருண்டையாகி நீர்ப்பரப்பில் அங்குமிங்கும் ஓடும், பொட்டாசியம் இளம் ஊதாச் சுடருடன் பற்றிக்கொள்ளும். (வீட்டில் செய்து பார்க்கும் சோதனை அல்ல இது.) ஆனால் 17ஆம் தொகுதியில் கதை தலைகீழ். ஹேலஜன்களுக்கு வேலை எலக்ட்ரானை வாங்குவது. எனவே சிறிய அணுவே வல்லது. பொட்டாசியம் புரோமைடு கரைசலில் குளோரின் நீரை ஊற்றினால் புரோமின் வெளியேறிக் கரைசல் ஆரஞ்சு நிறமாகும். அயோடினால் அது முடியாது. கீழே போனால் வீரியம் கூடும் என்று சூத்திரமாகப் பிடித்துக்கொண்டவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

இடமிருந்து வலமாகப் போகும்போது கூடுகளின் எண்ணிக்கை மாறாது, கருவின் மின்சுமைதான் ஏறும். அணு சுருங்கும், உலோகத்தன்மை மங்கும். மூன்றாம் வரிசையின் ஆக்சைடுகளைப் பாருங்கள்: சோடியத்தினுடையது காரம், அலுமினியத்தினுடையது அமிலம் காரம் இரண்டோடும் வினைபுரியும், கந்தகத்தினுடையது அமிலம்.

இப்போது ஒரு தனிமத்தை மறைத்துக்கொண்டு ஊகியுங்கள். ஆக்சிஜன், கந்தகம் இவற்றுக்குக் கீழே செலினியம். அப்படியானால் இரண்டு ஹைட்ரஜனோடு ஒரு செலினியம் சேரும். அந்தச் சேர்மம் ஹைட்ரஜன் சல்பைடை விட வலுவான அமிலமாகவும் இருக்கும். இரண்டும் உண்மை.

விதிவிலக்குகள் இவ்வளவு இருக்கும்போது ஊகத்தை நம்பலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கீழே போனால் அடர்த்தி ஏறும் என்று ஊகிப்போம்; சோடியத்தின் அடர்த்தி 0.97, அதற்குக் கீழே உள்ள பொட்டாசியத்துக்கோ 0.86தான். ஆனால் ஊகித்தவருக்குத்தான் விதிவிலக்கு விதிவிலக்காகவே தெரியும். டெலுரியம், செலினியம், கந்தகம் ஆகியவற்றின் ஹைட்ரைடுகள் முறையே ஏறத்தாழ −2, −41, −60 டிகிரி செல்சியஸில் கொதிக்கின்றன. இதே போக்கில் தண்ணீர் −60க்கும் கீழே கொதித்திருக்க வேண்டும், கொதிப்பதோ 100இல். இந்த இடைவெளியைக் கண்டு திகைத்தவருக்கு ஹைட்ரஜன் பிணைப்பு ஏன் பாடத்தில் வருகிறது என்பது விளங்கிவிடும். தேர்வில் பெயர்களைத்தானே கேட்கிறார்கள் என்ற மறுப்புக்குப் பெரிய பதில் தேவையில்லை: பத்துத் தொகுதிகளைப் பயன்படுத்திப் பழகியவருக்குப் பெயர்கள் தாமாகவே நினைவில் தங்கும்.

நடுவிலுள்ள இடைநிலைத் தனிமங்களைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கூட்டு எலக்ட்ரான்களும் வினையில் இறங்குவதால் இரும்புக்கு 2, 3 என இரு இணைதிறன்கள் வரும்; மேலே சொன்ன எளிய கணக்கு அங்கே பாதிதான் செல்லும்.