பழைய கணினியில் படம் வராவிட்டால்

சாந்தன்பாறையில் ஓர் ஏலத்தோட்ட அலுவலகம். விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று அங்கே இன்னும் உழைக்கிறது. மண் பரிசோதனை அறிக்கை வலைப்பக்கமாக வந்திருந்தது. எழுத்துகள் வந்தன, வரைபடம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டமும் சிவப்புப் பெருக்கல் குறியும். மண்ணின் அமிலத்தன்மை அந்தப் படத்தில்தான் இருந்தது. அது தெரியாமல் சுண்ணாம்பு எவ்வளவு போடுவது? என்னைக் கூப்பிட்டார்கள்.

இத்தொல்லை வாசகர்களுக்கும் வரலாம். முதலில் அதே முகவரியைக் கைபேசியில் திறந்து பாருங்கள். அங்கும் படம் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் அனுப்பியவரிடம். உங்கள் கணினியைக் குடைய வேண்டாம். அங்கே வந்தால் பழைய உலாவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். (கைபேசியிலேயே படித்துவிடலாமே என்பீர்கள். அச்சுப்பொறி அந்தக் கணினியோடுதானே இணைந்திருக்கிறது!)

அடுத்து, வெற்றுக் கட்டத்தின்மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். படத்தின் முகவரி தெரியும். அது 'எஸ்விஜி' என்று முடிந்தால் விடை கிடைத்துவிட்டது. எக்ஸ்பியில் ஓடும் கடைசி இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8ஆம் பதிப்பு. எஸ்விஜியைக் காட்டியது 2011இல் வந்த 9ஆம் பதிப்புதான். 2010இல் கூகுள் அறிமுகப்படுத்திய 'வெப்பி' வகையை எக்ஸ்புளோரர் கடைசிவரை ஏற்கவேயில்லை.

முகவரி 'டேட்டா' என்று தொடங்கினால், படம் தனிக் கோப்பாக இல்லாமல் பக்கத்துக்குள்ளேயே பொதிந்திருக்கிறது என்று பொருள். 8ஆம் பதிப்பு இதில் 32 கிலோபைட் வரைதான் தாங்கும். சாந்தன்பாறையில் நடந்தது இதுவே: அறிக்கையின் தலைப்பிலிருந்த சின்ன முத்திரை வந்தது, பெரிய வரைபடம் வரவில்லை.

சாதாரண ஜேபெக் படமும் வரவில்லையா? கணினியின் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய்வரும்போது தேதி பல ஆண்டு பின்னால் ஓடிவிடும். பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி படத்தை மறுத்துவிடும். மின்வெட்டு மிகுந்த மலையூர்களில் இதை முதலிலேயே பார்ப்பது நல்லது.

எக்ஸ்பிக்கான கடைசி பயர்பாக்ஸ், 52ஆம் பதிப்பு. அதில் அறிக்கையைத் திறந்தோம். வரைபடம் முழுதாக வந்தது, அச்சும் எடுத்தோம். எஸ்விஜியும் அதில் தெரியும். வெப்பி மட்டும் வராது. அது 2019இல் வந்த 65ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. 52க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018இலேயே நின்றுவிட்டதால், வங்கி வேலைக்கு மட்டும் அதைத் தொடாதீர்கள்.

அறிக்கை தயாரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. படம் வராதபோது காட்டவேண்டிய மாற்றுச்சொல்லை எச்டிஎம்எல் 4.0, 1997லேயே கட்டாயமாக்கியது. அந்த இடத்தில் 'வரைபடம்' என்று எழுதி என்ன பயன்? அமிலத்தன்மை எண்ணையே எழுதலாம். அடுத்த அறிக்கையில் எண்களைத் தனி அட்டவணையாகவும் தரும்படி ஆய்வகத்துக்கு அன்றே கடிதம் எழுத வைத்தேன்.