நெருப்புக் காய்ச்சலும் நுண்ணங்கியியற் சொற்களும்

ஒரு துறையிற் புகுவோர் அத்துறைக்குரிய சொற்களை முதற்கண் ஐயந்திரிபறக் கற்றல் வேண்டும். சொல் மயங்கின் பொருள் மயங்கும். பொருள் மயங்கின் செயல் பிழைபடும். பிற துறைகளில் அப்பிழை பரீட்சைப் புள்ளிகளை இழப்பித்தலோடு ஒழியலாம். நோய்களைப் பற்றிய துறையிலோ அஃது உயிரையே இழப்பித்தல் கூடும். ஆதலின், மாணவர்க்கும், பெற்றோராய் விளங்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு, நுண்ணங்கியியலின் இன்றியமையாச் சொற்கள் சிலவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். அட்டவணையாகத் தரின் சுவை பயவாது. யாழ்ப்பாணக் குடாநாட்டார் நெடுங்காலமாக அறிந்த நெருப்புக் காய்ச்சல் என்னும் தைபோயிட்டை எடுத்துக்கொண்டு, அது செல்லும் வழியே நாமும் சென்று சொற்களைக் காண்போம்.

வெறுங் கண்ணுக்குப் புலனாகாது நுணுக்குக்காட்டியாற் காணத்தக்க சிற்றுயிர்கள் நுண்ணங்கிகள் எனப்படும். பால் தயிராதலும் அப்பமா புளித்தலும் இவற்றின் தொழிலே. ஆகவே நுண்ணங்கிகள் யாவும் நமக்குப் பகை எனல் தவறு. நோயை விளைப்பன மட்டுமே நோயாக்கிகள். இவற்றுட் பற்றீரியா ஒரு தனிக் கலம். உணவு கிடைப்பின் தானே பெருக வல்லது. வைரசு அதனினும் மிகச் சிறியது. பிறிதோர் உயிரின் கலத்தினுட் புகுந்தாலன்றிப் பெருகமாட்டாதது. நெருப்புக் காய்ச்சலை விளைப்பது சல்மனெல்லா தைபி என்னும் கோலுருவப் பற்றீரியா. சவுக்குமுளைகளால் நீந்தும் இதனை 1880இல் ஏபேத்து என்னும் ஜேர்மானியர் கண்டார். 1884இல் கவ்க்கி என்பார் தனித்தெடுத்து வளர்த்தார்.

நோயாக்கி உடலினுட் புகுந்து பெருகுதல் தொற்று. அதனால் உடல் கேடுற்றுக் குணங்குறிகள் தோன்றுதல் நோய். இவ்விரண்டும் ஒன்றல்ல. தொற்றிய நாளுக்கும் குணங்குறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்டது நோயரும்பு காலம். இந்நோயில் அது பெரும்பாலும் ஒரு வாரம் முதல் இரண்டு வாரமாகும். நோயாக்கிக்கு இடங்கொடுக்கும் உயிரை விருந்துவழங்கி என்பர். அழையாது வந்து வீட்டையே அழிக்கும் விருந்து இது! சல்மனெல்லா தைபிக்கு விருந்துவழங்கி மனிதன் ஒருவனே.

தான் நோயுறாதிருந்தும் பிறர்க்கு நோயாக்கியைக் கொடுப்போன் காவி எனப்படுவான். நியூயோர்க் நகரிற் சமையற்றொழில் செய்த மேரி மாலன் என்பாள் நல்ல உடனலத்தோடிருந்தும் பலர்க்கு இந்நோயைக் கொடுத்தமை 1907இல் வெளியாயிற்று. விடுவிக்கப்பட்ட பின்பும் அவள் சமையற்றொழிலுக்கே மீண்டாள். ஆதலின் 1915 முதல் 1938இல் இறக்கும்வரை தனிமையில் வைக்கப்பட்டாள். நோயாக்கியைச் சுமக்கும் பூச்சியையும் காவி என்றே கூறுவர். 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஆயின் அதனைக் காவும் அனோபிலிசு நுளம்பு இங்கிருந்து அகலவில்லை. நோயாக்கி வேறு, காவி வேறு என அறிந்தவனே இன்றும் விழிப்போடிருப்பான்.

நெருப்புக் காய்ச்சலின் நோயாக்கி, நோயாளியின் அல்லது காவியின் மலத்தோடு வெளியேறி, நீரிலோ உணவிலோ கலந்து பிறர் வாயை அடைகின்றது. குடாநாட்டின் நிலத்தடியே கிடப்பது வெடிப்பும் துளையும் உடைய சுண்ணக்கல். மலக்குழியின் கசிவு அவ்வழியே அயற் கிணற்றை எளிதில் அடையும். நீர் பளிங்குபோலத் தெளிந்திருத்தல் தூய்மைக்குச் சான்றாகாது. நன்கு கொதிக்கவைத்த நீரில் இந்நோயாக்கி பிழையாது.

இனி ஆய்கூடத்திற் புகுவோம். காய்ச்சலின் முதல் வாரத்தில் நோயாளியின் குருதியைச் சிறிதெடுத்து வளர்ப்பூடகத்தில் இட்டு 37 பாகை சதமளவையில் வைப்பர். வளர்ப்பூடகம் என்பது நுண்ணங்கிக்கு ஆக்கிய உணவு. அதனை இறுகச் செய்வது கடற்பாசியினின்றும் பெறும் ஏகர். சமையலறையில் வழங்கிய அப்பொருளை ஆய்கூடத்துக்கு உரியதாக்கியவர் பன்னி எசு என்னும் பெண்மணியார். ஏகரிட்ட பெத்திரிக் கிண்ணத்தில் ஒரு பற்றீரியா பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாதலைக் குடியிருப்பு என்பர். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டிற் பூசிக் கிராமின் முறைப்படி சாயமேற்றின், ஊதா நிறத்தைக் காப்பன கிராம் நேர். அதனை இழந்து செந்நிறம் ஏற்பன கிராம் எதிர். சல்மனெல்லா தைபி கிராம் எதிராகும். கருவிகளிலுள்ள உயிர் யாவற்றையும் ஒழித்தல் கிருமியழித்தல்; உயரமுக்க நீராவியில் 121 பாகையிற் கால் மணி நேரம் வைத்தல் அதற்குரிய முறைகளுள் ஒன்று.

1896இல் விடால் வகுத்த பரிசோதனை வேறு வகையது. அது நோயாக்கியைத் தேடுவதன்று. நோயாளியின் நீர்ப்பாயத்தில், நோயாக்கிக்கு மாறாக உடல் ஆக்கிய பிறபொருளெதிரியைத் தேடுவது. முன்னொருகால் உற்ற தொற்றும் ஏற்றிய தடுப்பூசியும் அங்ஙனமே காட்டுதல் கூடுமாதலின், அதனை மட்டும் கொண்டு முடிவு கூறல் தகாது.

நிறைவாக, நுண்ணுயிர்கொல்லி என்னும் சொல். 1948இல் குளோரம்பெனிக்கோல் வந்தபின்பு, வாரக்கணக்கிற் கிடந்து பலர் மாண்ட இந்நோய் குணமாக்கத் தக்கதாயிற்று. அவ்வெற்றி நிலைக்கவில்லை. மருந்தாற் பிழைத்த பற்றீரியாக்களே பெருகி எதிர்ப்புவன்மை பெற்றன. 2016 முதற் பாக்கித்தானின் சிந்து மாகாணத்திற் பரவிய வகை, மருந்துகள் பலவற்றுக்கு அடங்காததாயிற்று. தடிமன் வைரசினால் வருவது. நுண்ணுயிர்கொல்லி வைரசைக் கொல்லாது. அதற்கும் அம்மருந்தை விழுங்குவோனும், காய்ச்சல் தணிந்ததும் எஞ்சிய குளிசைகளை எறிவோனும் பிறர் உயிர்காக்கும் மருந்தைப் பயனற்றதாக்குவோரேயாவர்.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் வைத்தியர் 1873இல் இந்நாட்டை நீங்கினார். கொக் சயரோகத்தின் நோயாக்கியை அறிவித்ததோ 1882இல். எனவே இப்புதுத்துறைக்குச் சொல்லாக்கும் கடன் பின்வந்தோர்க்கு உரியதாயிற்று. அவர்கள் ஆக்கித் தந்த சொற்கள் நூலில் உறங்குதல் போதாது. கிணற்றடியிலும் அடுக்களையிலும் மருந்துப் பெட்டியருகிலும் வழங்குதல் வேண்டும். மாணவர் இவற்றைத் தம் வீட்டாருக்கு எடுத்துக் கூறுவாராயின், நாம் எழுதியதன் பயனைப் பெற்றோமாவோம்.