கைக்கு அடங்கும் பனி விடுமுறை: உள்ளூர்க் குன்றா, வெளிநாட்டு மலையா?

வேலணையிலிருந்து வாணர் பாலத்தில் கடலைக் கடந்து வருபவர் புங்குடுதீவில் முதலில் காண்பது மடத்துவெளியை. பனையும் வயலும் தரவையுமாகக் கிடக்கும் தட்டை நிலம் அது. சறுக்கி விளையாட ஒரு மேடு கூடக் கிடையாது. போர்க்காலத்தில் அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சூரிச்சிலும் பேர்ணிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்கிறார்கள். தை பிறந்தால் சுவிஸ் வகுப்பறைகளில் ஒரே கேள்விதான்: லீவுக்கு எந்த மலைக்குப் போகிறீர்கள்?

பிள்ளை அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டு வரும்போது பெற்றோர் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார்கள். கோடையில் ஊருக்குப் போகும் விமான ரிக்கற்றுக்கே வருடம் முழுக்கக் காசு சேர்க்கும் வீடுகள் பல. மாரியில் இன்னொரு விடுமுறை என்றால் சில்லறைச் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் பனியில் விழுந்து எழும்பாமல் ஒரு பிள்ளை அங்கே வளர்ந்துவிடக் கூடாது. அந்த நாட்டின் விளையாட்டு அந்தப் பிள்ளைக்கும் உரியது. எங்கே, எப்படிப் போனால் கட்டுப்படியாகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஹோட்டல் விலையைப் பார்த்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். உண்மையில் செலவு ஐந்து வழிகளில் போகிறது: லிஃப்ட் பாஸ், ஸ்கீயும் சப்பாத்தும், பயிற்சி, தங்குமிடம், பயணம். முதல் தடவை போகிறவர் பெரிதாக மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் லிஃப்ட் பாஸ். பழகத் தொடங்கும் பிள்ளைக்கு உயரமான மலை தேவையில்லை. தரையோடு ஊர்ந்து மேலே போகும் கம்பளப் பட்டியில் ஏறி நின்று, பத்து இருபது மீற்றர் சறுக்கி வந்து, திரும்பவும் அதில் ஏற வேண்டும். ஆசிரியர் முதலில் சொல்லிக் கொடுப்பது ‘பீட்சா’: ஸ்கீயின் முன்நுனிகளை உள்ளே சேர்த்து, பின்பகுதியை அகட்டினால் வேகம் அடங்கும். முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். கண் ஸ்கீயில் நிற்காமல் தூரத்தில் நிற்க வேண்டும். இவ்வளவும் கைவர இரண்டு மூன்று நாள் போய்விடும். அந்த நாட்களில், 600 கிலோமீற்றர் சறுக்குப் பாதை கொண்ட பிரான்சின் மூன்று பள்ளத்தாக்குப் பகுதிக்கு முழுப் பாஸ் வாங்குவது வீண் செலவு. பழகுநர் பகுதிக்கு மட்டும் தனி ரிக்கற் தரும் நிலையங்கள் பல நாடுகளில் உண்டு. பதிவு செய்ய முன்னர் அதைக் கேட்டு அறிவது நல்லது.

சுவிஸில் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே மலை இருக்கிறது. செர்மாட் போன்ற பெயர்பெற்ற நிலையங்களில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் பாஸ் 100 பிராங்க் அளவில் நிற்பதால், “ஸ்கீ எங்களுக்கு ஆகாது” என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அங்கே போகத் தேவையில்லை. சூரிச்சிலிருந்து ரயிலில் உன்டர்டெர்ட்சன் போய் இறங்கினால், நிலையத்தடியிலேயே ஃப்ளூம்செர்பெர்க் மலைக்கான தொங்கு வண்டி நிற்கிறது. லுசேர்ன் பக்கம் சோரென்பெர்க் இருக்கிறது. பேர்ண் நகரத்தை ஒட்டிய குர்ட்டன் குன்றில் பனி விழும் நாட்களில் சிறுவர்களுக்கான லிஃப்ட் ஓடும். அங்கே பலகை வண்டியில் சறுக்கவும் முடியும். 30 பிராங்க் யூனியர் அட்டை இருந்தால் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாய் அல்லது தந்தையோடு ஒரு வருடம் முழுக்க ரயிலில் இலவசமாகப் போகலாம். காலையில் போய் மாலையில் திரும்பினால் தங்குமிடச் செலவும் இல்லை.

பாஸ் விலையில் 2016இல் ஒரு திருப்பம் வந்தது. சாஸ்-ஃபே நிலையம் முழுப் பருவத்துக்குமான பாஸை, போதிய பேர் சேர்ந்தால் 222 பிராங்குக்குத் தருவதாக அறிவித்தது. பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் மேற்கு சுவிஸின் சிறு நிலையங்கள் ஒன்றுகூடி ‘மஜிக் பாஸ்’ கொண்டுவந்தன. முதல் விற்பனையில் பெரியவருக்கு 359 பிராங்க். அதன்பின் விலையும் ஏறியது, சேர்ந்த நிலையங்களின் தொகையும் கூடியது. இப்படிப்பட்ட பாஸ் வாங்கலாமா என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு நாள் பாஸ் 60 பிராங்க் என்று வைத்துக்கொண்டால், ஆறு நாள் போனால்தான் அந்த 359 தேறும். வருடத்தில் இரண்டு சனிக்கிழமை போகும் குடும்பத்துக்கு அது நட்டம். மாசி லீவு முழுக்க மலையே கதி என்று நிற்கும் பதின்ம வயதுப் பிள்ளைக்கு அதுதான் லாபம்.

இப்போது பல நிலையங்களில் விமான ரிக்கற் போல நாளுக்கு நாள் விலை மாறுகிறது. முன்கூட்டியே வாங்கினால், அதுவும் கிழமை நாளுக்கு வாங்கினால், மலிவு. ஆனால் அன்று மழை பெய்தால் காசு திரும்பி வராமல் போகலாம். தாழ்ந்த குன்றுகளில், முக்கியமாக 1,500 மீற்றருக்குக் கீழே, பனி நிச்சயமில்லை. ஆகவே ஒரு நாள் பயணம் என்றால் பனி அறிக்கை பார்த்துவிட்டு முதல் நாள் மாலை வாங்குவதே புத்தி. ஒரு கிழமை தங்குவதென்றால் உயரமான இடத்தைத் தேர்ந்து, மாதங்களுக்கு முன்னரே பதிவது நல்லது.

ஸ்கீயும் சப்பாத்தும் புதிதாக வாங்கவே கூடாது, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. கால் ஒவ்வொரு வருடமும் வளரும். ஒக்டோபர், நவம்பரில் ஊர்தோறும் நடக்கும் பாவித்த ஸ்கீச் சந்தைகளிலும் பழைய பொருள் விற்கும் புரோக்கிக் கடைகளிலும் நல்ல பொருள் கிடைக்கும். பருவம் முழுவதற்கும் வாடகைக்குத் தரும் கடைகளும் உண்டு. நாள் வாடகையை விட அது பல மடங்கு மலிவு. சப்பாத்து போட்டுப் பார்க்கும்போது ஒரே ஒரு காலுறையோடு, கொக்கிகளைப் பூட்டி, முழங்காலை முன்னே மடிக்க வேண்டும். குதி மேலெழாமல் இருந்து, பெருவிரல் நுனி முன்சுவரை விட்டுச் சற்றே பின்வாங்கினால் அளவு சரி. குளிருக்கென்று இரண்டு காலுறை போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் விறைக்கும். தலைக்கவசத்தை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. ஒரு தடவை அடிபட்ட கவசத்தின் பழுது வெளியே தெரியாது.

மலையில் வாங்கிச் சாப்பிடுவது அடுத்த பெருஞ்செலவு. நாலு பேருக்கு உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கும் காசில் வீட்டுச் சமையல் இரண்டு நாளுக்குக் காணும். கொண்டுவந்த சாப்பாட்டை உண்ண ஒதுக்கிய அறைகள் பல நிலையங்களில் இருக்கின்றன. சூட்டுப் போத்தலில் தேத்தண்ணியும் டப்பாவில் புட்டும் கொண்டுபோக யாரும் கூச வேண்டியதில்லை.

பாடசாலை ஸ்கீ முகாம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஸ்கீலாகர்’ என்று பிள்ளைகள் சொல்லும் அந்த ஐந்து நாள் முகாம்தான் சுவிஸில் கிடைக்கும் மிக மலிவான ஸ்கீ விடுமுறை. 1972இல் தொடங்கிய ‘இளைஞரும் விளையாட்டும்’ என்ற அரசுத் திட்டம் இத்தகைய முகாம்களுக்கு உதவி தருகிறது. 2017 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. கட்டாயமாகப் பங்குபற்ற வேண்டிய முகாமுக்கு, பிள்ளை வீட்டில் இல்லாததால் மிச்சமாகும் சாப்பாட்டுச் செலவை மட்டுமே பெற்றோரிடம் கேட்கலாம். வயதைப் பொறுத்து நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்க் வரை. விருப்பத்துக்கு விடப்பட்ட முகாமென்றால் கட்டணம் கூடும். அப்போதும் வகுப்பாசிரியரிடம் உதவி கேட்க வழியுண்டு. காசுக்குப் பயந்து “பிள்ளைக்குச் சுகமில்லை” என்று கடிதம் எழுதி அனுப்பாமல் விடுவது மிகவும் வருத்தத்துக்குரியது. அந்த ஐந்து நாளில் பழகும் பிள்ளைக்குப் பிறகு தனிப் பயிற்சிச் செலவு தேவைப்படாது.

எல்லை தாண்டிப் போவது எப்போது லாபம்? ஒரு கிழமை தங்க வேண்டும் என்றால் ஒஸ்திரியாவைப் பார்க்கலாம். சாப்பாடும் அறையும் சுவிஸை விட மலிவு. காலை, இரவுச் சாப்பாட்டோடு அறை தரும் விருந்தகங்கள் நிறைய. ஆனால் பெரிய நிலையங்களின் ஒரு நாள் பாஸ் அங்கேயும் 70 யூரோவைத் தாண்டிவிட்டது. இத்தாலியில் சாப்பாடு நல்லது, சிறு நிலையங்கள் மலிவு. அங்கே 2022 முதல், மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்புறுதி இல்லாமல் சறுக்க முடியாது. 2025 நவம்பர் முதல் பெரியவர்களுக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

உண்மையான மலிவு பல்கேரியாவில். பிரின் மலையடிவாரத்தில் பான்ஸ்கோ, சோபியாவுக்குக் கிட்டவாக பழம்பெரும் பொரோவெட்ஸ், பழகுநருக்கு ஏற்ற மென்சரிவுகள் கொண்ட பம்போரோவோ என்று மூன்று நிலையங்கள் பெயர்பெற்றவை. அறை, சாப்பாடு, ஆசிரியர், வாடகைச் சாமான் எல்லாமே அல்ப்ஸ் நாடுகளை விடக் குறைவு. 2025 தை முதலாம் திகதி முதல் அந்த நாடு முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. 2026 தையிலிருந்து யூரோதான் நாணயம். பான்ஸ்கோவில் ஒரு குறை: ஊரிலிருந்து மலைக்குப் போக ஒரே தொங்கு வண்டிதான் பிரதான வழி. லீவுக் காலையில் எட்டு மணிக்கே வரிசை நீண்டுவிடும்.

சூரிச்சிலிருந்து நாலு பேர் மாசிப் பாடசாலை லீவில் பறந்தால், பல்கேரியாவில் மிச்சம் பிடிப்பதை விமான ரிக்கற் விழுங்கிவிடும். பிள்ளையில்லாத தம்பதியும் இளைஞர் கூட்டமும் தை நடுவில் போனால் நன்றாகக் கட்டுப்படியாகும். பயணத்துக்கு முன் கையிலிருக்கும் அனுமதி அட்டையையும் பார்க்க வேண்டும். சுவிஸில் தற்காலிக அனுமதிக்கான எஃப் அட்டையோடு இருப்பவர்கள் முன் அனுமதி பெறாமல் நாட்டை விட்டு வெளியேறித் திரும்ப முடியாது. அவர்களுக்கு உள்ளூர்க் குன்றே பத்திரம்.

லண்டன் உறவுகளின் நிலை வேறு. ஸ்கொட்லாந்தில் மலை உண்டு. ஆனால் தூரமும் நம்பமுடியாத காலநிலையும் அந்தப் பயணத்தை மலிவாக்குவதில்லை. லண்டனுக்கு அருகே ஹெமல் ஹெம்ஸ்ரெட்டில் 2009 முதல் இயங்கும் உள்ளரங்கப் பனிச் சரிவில் சில பாடம் படித்துவிட்டு, ஒரு கிழமை பல்கேரியா போவதே அவர்களுக்கு ஆகச் சிறந்த வழி. பாடசாலையைத் தவறவிட்டு மலிவான கிழமையில் போகலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: இங்கிலாந்தில் அனுமதியில்லாத விடுப்புக்கான தண்டம் 2024 ஓகஸ்ட் முதல் ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண். இதற்கு மாறாக, சூரிச் மாநிலத்தில் பிள்ளைக்கு வருடத்துக்கு இரண்டு ‘ஜோக்கர்’ நாட்கள் காரணம் சொல்லாமலே எடுக்கலாம். கிழமை நாளில் மலைக்குப் போக அவை நன்றாக உதவும்.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு நகரசபையே ஸ்கீ நிலையம் நடத்துகிறது. நோர்த் யோர்க்கின் ஏர்ல் பேல்ஸ் பூங்காவிலும் எட்டோபிக்கோவின் சென்டெனியல் பூங்காவிலும் சிறு சரிவு, லிஃப்ட், வாடகைச் சாமான், பயிற்சி எல்லாம் உண்டு. பயிற்சிக்குப் பதிவு தொடங்கிய உடனேயே இடம் நிரம்பிவிடும். 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கான ‘ஸ்னோ பாஸ்’ சிறு கட்டணத்தில் கிடைக்கும். அதில் சேர்ந்த கனேடிய நிலையம் ஒவ்வொன்றிலும் மூன்று நாள் சறுக்கலாம். அந்த இரண்டு வருடங்களை விட்டுவிடக் கூடாது. புளூ மவுண்டன் போன்ற பெரிய நிலையம் அதற்கு அடுத்த படி.

மடத்துவெளியிலேயே இருந்துகொண்டு பனி காண ஆசைப்படுபவர் என்ன செய்யலாம்? இலங்கையின் உச்சியான பிதுருதலாகல 2,524 மீற்றர். அங்கே ஸ்கீக்குப் பனி கிடையாது. காஷ்மீரின் குல்மார்க் ஊரே ஏறக்குறைய 2,650 மீற்றரில் இருக்கிறது. அதன் தொங்கு வண்டி 3,900 மீற்றருக்கு மேலே போகிறது. பலாலியிலிருந்து சென்னைக்கு 2022 டிசம்பர் முதல் மீண்டும் விமானம் ஓடுகிறது. அங்கிருந்து டில்லி, ஸ்ரீநகர் வழியாகப் போகலாம். குல்மார்க்குக்குக் கீழேயுள்ள தங்மார்க்கில் கோட்டும் பனிச் சப்பாத்தும் வாடகைக்கு எடுக்கலாம். ஊரிலிருந்து எதையும் காவத் தேவையில்லை. ஆனால் 2024 தையில் மாதத்தின் பெரும்பகுதி பனியில்லாமல் குல்மார்க் வறண்டு கிடந்தது. மாசி நடுவில் போவதே உசிதம். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்பு அறிவித்தல்களைப் பார்க்காமல் பணம் கட்டுவது சரியல்ல. உத்தராகண்டின் அவுலியில் அரசு சுற்றுலா நிறுவனம் தங்குமிடம், சாப்பாடு, சாமான் எல்லாம் சேர்த்து 7, 14 நாள் பயிற்சிகள் நடத்தும். அடிவாரத்து ஜோஷிமட் நகரில் நிலம் தாழ்ந்ததால் 2023இல் அங்கே தொங்கு வண்டி நிறுத்தப்பட்டது, பயணம் தெருவழியேதான். துபாயில் வேலை செய்பவர்களுக்கு 2005இல் திறந்த உள்ளரங்கப் பனி மையம் ஒரு நாள் ஆசைக்குப் போதும்.

எங்கே போனாலும் காப்புறுதி இல்லாமல் ஸ்கீயில் கால் வைக்கக் கூடாது. சுவிஸில் ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்பு உண்டு. பிள்ளைக்கும் வீட்டிலிருக்கும் தாய்க்கும் சுகாதாரக் காப்புறுதியில் விபத்துப் பகுதி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலையிலிருந்து ஹெலிகொப்டரில் இறக்கும் செலவை ஐரோப்பிய சுகாதார அட்டை ஏற்காது.

முதல் இரண்டு பருவம் வீட்டுக்கு அருகிலுள்ள சிறு குன்று, இரவல் சாமான், பாடசாலை முகாம். எல்லோரும் பழகிய பிறகு ஒரு கிழமை வெளிநாடு. குறைந்த வருமானக் குடும்பம் ஒன்றுக்கு இதை விடக் கட்டுப்படியான ஒழுங்கு இல்லை. சுவிஸில் இருப்பவர்கள் ஒக்டோபர் பிறந்ததும் தங்கள் ஊரில் ஸ்கீச் சந்தை எந்தச் சனிக்கிழமை என்று விசாரித்து வையுங்கள். பிள்ளைகளின் அளவுச் சப்பாத்துகள் காலையிலேயே போய்விடும்.