பால்மாப் பெட்டியும் ஒரு மின்குமிழும்

வட்டிலப்பம் செய்து ஓடருக்குக் கொடுக்கும் உம்மாமார் நம் ஊரில் பலர். கைத்தொலைபேசியில் படம் அனுப்பித்தான் இப்போது வியாபாரம் நடக்கிறது. ஆனால் இரவில் குசினியில் பிளாஷ் அடித்து எடுத்த படத்தில், பளபளக்கும் வட்டிலப்பம் கருகிய செங்கல்லாகத் தெரிகிறது. உடனே, நல்ல கமெரா வாங்க வேண்டும் என்று பேச்சு எழும். குறை கமெராவில் இல்லை, ஒளியில்தான்.

சிறிய ஒளிமுதல் கூரிய, கறுத்த நிழலைத் தரும். பெரிய ஒளிமுதலின் நிழல் ஓரம் மங்கி மென்மையாக விழும். பிளாஷ் ஒரு நகத்தளவுதான். மப்பும் மந்தாரமுமான நாளில் கண்டி மலைகளின் மேல் நிற்கும் மேகமோ வானம் முழுவதும் விரிந்த ஒரே விளக்கு! அன்று முற்றத்தில் எடுக்கும் படம் அழகாக இருப்பது அதனால்தான். கடையில் விற்கும் விலையுயர்ந்த விளக்குப் பெட்டிகளும் சிறிய ஒளியைப் பெரிதாக்கும் வேலையையே செய்கின்றன.

அதை வீட்டிலேயே செய்யலாம். பால்மா வரும் பெரிய காட்போட் பெட்டியொன்றைக் கடையில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி பெட்டியைச் சரித்து வையுங்கள். மேற்பக்கத்திலும் இரு பக்கச் சுவர்களிலும் 4 சென்ரிமீற்றர் விளிம்பு விட்டு நடுவை வெட்டியெடுத்து, வெள்ளை டிசுத் தாளை ஒட்டுங்கள். உள்ளே வெள்ளை பிரிஸ்டல் போட் ஒன்றைப் பின்சுவரிலிருந்து தரைவரை மடிப்பு விழாமல் வளைத்து வையுங்கள். மடிந்தால் பொருளுக்குப் பின்னால் ஒரு கோடு தெரியும்.

மேசை விளக்கைப் பெட்டிக்கு வெளியே, ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். தாளுடன் ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டுமே ஒளிரும். ஒளிமுதல் மறுபடியும் சிறிதாகிவிடும். தாள் முழுவதும் ஒளிரும்வரை விளக்கைப் பின்னால் நகர்த்துங்கள். மிகத் தூரம் போகவும் கூடாது: தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும்.

எல்.ஈ.டி. மின்குமிழையே பயன்படுத்துங்கள். பழைய இழைக் குமிழ் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். தாளுக்கு அருகில் அது ஆபத்து. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. வயரை வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம்.

இரண்டு விளக்கு வைத்தால் இன்னும் நல்லதல்லவா என்று தோன்றும். பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதற்கு நெருங்கிய ஒன்றைச் சோதித்திருக்கிறார். பல விளக்குகளை வரிசையாக வைத்து, துவாரம் வழியே அவற்றின் ஒளியை இருட்டறைக்குள் விழவிட்டார். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஒளிப்பொட்டு விழுந்தது. ஒன்றை மறைத்தால் அதன் பொட்டு மட்டும் மறைந்தது. ஒளிகள் வழியில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆகவே இரண்டு விளக்கென்றால் இரண்டு நிழல்கள். ஒரு விளக்கே போதும். எதிர்ப்பக்கத்தில் ஒரு ரெஜிபோம் துண்டை நிறுத்தினால், திரும்பி வரும் ஒளி நிழலைத் தணிக்கும்.

பகலில் பெட்டியும் வேண்டாம். ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி, அதனருகே மேசையைப் போடுங்கள். அறையின் விளக்கை அணைத்துவிடுங்கள். மஞ்சள் ஒளியும் பகலொளியும் கலந்தால் நிறம் கெடும். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் இங்கிலாந்தில் தம் படங்களை எடுத்தது, கண்ணாடி பதித்த ஒரு பழைய கோழிக்கூட்டில்! 1875இல் இலங்கைக்கு வந்து களுத்துறையிலும் படம் எடுத்த அவர், 1879இல் மலைநாட்டில் காலமானார்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. கண்காட்சிக்குத் தைத்த பூவேலையை இந்தப் பெட்டிக்குள் வைத்தால் நூலின் மேடுபள்ளம் தெரியாமல் சப்பையாகிவிடும். அதற்குத் தாளில்லாத விளக்கைத் துணியின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு தையலும் தன் நிழலோடு எழுந்து நிற்கும்.