வெங்காய வேரும் கார்த்திகைக் கிழங்கும்

வெங்காய வேர்நுனியைச் சாயமிட்டு நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையில், முதல் நாள் நான் கண்டது ஒன்றுமில்லை. மெல்லிய கண்ணாடி வில்லையை உடைத்ததுதான் மிச்சம். மறுநாள் ஒரு செல்லின் நடுவே குரோமோசோம்கள் வரிசையாய் நிற்கக் கண்டேன். பதினாறு இருக்கும் என்றார் சிஸ்டர். நான் எண்ணியது பதினான்கு. பக்கத்துச் செல்லில் அவை இரு கூட்டமாய் எதிரெதிரே விலகியிருந்தன. அவற்றை இழுப்பது யார்?

இழுப்பவை நுண்குழல்கள். டியூபுலின் என்னும் புரதம் அடுக்கடுக்காய்ச் சேர்ந்து குழலாகிறது. அதன் குறுக்களவு, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் அதில் 25 கூறு. எங்கள் நுண்ணோக்கிக்கு எட்டாது.

விலங்குச் செல்லில் குழல்களை ஒழுங்குபடுத்த சென்ட்ரோசோம் உண்டு. வெங்காயத்தில் அது இல்லை. அங்கே புரதங்களே வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. காமா டியூபுலின் புதுக் குழலைத் தொடங்கி வைக்கும். காட்டனின் வெட்டும்; ஜப்பானிய வாளான 'கட்டானா'வின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். மேப்-65 குழல்களைப் பக்கம் பக்கமாய்ப் பிணைக்கும்.

எனக்கு மிகவும் வியப்பளித்தது இதுதான். செல் பிரியுமுன்பே நுண்குழல்கள் சுவரையொட்டி ஒரு பட்டைபோல் திரள்கின்றன. பிக்கெட்-ஹீப்ஸ், நார்த்கோட் என்ற இருவர் கோதுமையில் இதைக் கண்டு 1966இல் எழுதினர். சற்று நேரத்தில் பட்டை மறைந்துவிடும். பிறகு நடுவில் எழும் புதுச்சுவர் வெளிநோக்கி வளர்ந்து, பட்டை இருந்த இடத்திலேயே போய்ச் சேரும்! கொத்தனார் நூல் பிடித்து அடையாளமிட்டு, நூலை எடுத்த பின் சுவர் எழுப்புவது போல. சுவருக்கான பொருள்களைச் சிறு பைகளில் சுமந்து வரும் வழியும் நுண்குழல்களே.

இக்குழல்கள் உருவாகாவிட்டால்? திண்டிவனம் அருகே எங்கள் பாட்டி வீட்டு வேலியில் செங்காந்தள் படர்ந்திருக்கிறது. நம் மாநில மலர் அது. அதன் கிழங்கைத் தொட்டாலே பாட்டி அதட்டுவார். அதிலுள்ள கால்ச்சிசின் டியூபுலினைப் பற்றிக்கொள்ளும், குழல் வளராது. இரட்டித்த குரோமோசோம்கள் பிரிய வழியின்றி ஒரே செல்லில் தங்கிவிடும். 1937இல் பிளேக்ஸ்லி, ஏவரி ஆகியோர் இம்முறையால் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினர். சென்னையில் பயின்ற ஜானகி அம்மாள் இங்கிலாந்தில் மக்னோலியா மரங்களில் இதையே செய்தார்.

நம் வட்டாரத்து வேர்க்கடலையில் 40 குரோமோசோம்கள் உண்டு. இருபது இருபதாய்க் கொண்ட இரு காட்டினங்கள் கலந்து இரட்டித்தது அது. கால்ச்சிசின் இல்லாமல் இயற்கையே செய்தது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்த 'டி.எம்.வி.' கடலைகளுக்கும் அந்த நாற்பதுதான்.

கால்ச்சிசின் தாவர டியூபுலினைத் தளர்வாகவும், விலங்கு டியூபுலினை இறுக்கமாகவும் பற்றும். ஆகவே செடி தாங்கும் அளவு மனிதரைக் கொல்லும். குடலிலும் எலும்பு மச்சையிலும் ஓயாமல் பிரியும் செல்கள் அப்படியே நின்றுபோகும்.

இதையெல்லாம் விடுமுறையில் பாட்டிக்கு விளக்கினேன். பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அதைத்தானடி நானும் சொன்னேன், தொடாதே என்று" என்றார்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு, விழுப்புரம்