சாம்பிள் அனுப்புவதற்கு முன்னால்...

அம்பத்தூர் எஸ்டேட், திருமுடிவாக்கம், திருமழிசை பக்கம் பட்டறை வைத்திருக்கும் தம்பி தங்கைகளே! வெளிநாட்டு ஆர்டர் வருகிறது என்றதும் அன்றைக்கே டிராயிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். இந்தியாவில் வாங்கிய டிரேட்மார்க்கும் காப்புரிமையும் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். அக்கா சொல்லும் இந்த ஆறையும் முதலில் முடியுங்கள்.

1. பிராண்டு பெயரை இங்கே பதியுங்கள். இதற்கான அலுவலகம் கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். ஆன்லைனில் என்றால் சிறு நிறுவனத்துக்கு, பொருள்களின் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு நிற்கும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

2. அடுத்து, சரக்கு போகும் நாட்டில் பதியுங்கள். மாட்ரிட் ஒப்பந்தத்தில் இந்தியா 2013-ல் சேர்ந்தது. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், சீனா எல்லாம் அதில் உண்டு. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம். தருவதா வேண்டாமா என்பதை அந்தந்த நாடுதான் முடிவு செய்யும். இங்கே விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் கேட்டால், இங்குள்ள தேதியே அங்கும் கணக்கு. சீனாவில் முதலில் பதிந்தவருக்குத்தான் பொதுவாக உரிமை என்பதால் தாமதம் வேண்டாம்.

3. புதிய பொருள் கண்டுபிடித்திருந்தால், கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். பொருளின் வடிவம் புதிது என்றால் டிசைன் பதிவுக்கும் இதே விதிதான். இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து வெளிநாட்டில் காப்புரிமை கேட்க 12 மாதம் அவகாசம் உண்டு. ஆனால் இங்கே விண்ணப்பித்து 6 வாரமாவது பொறுக்க வேண்டும். நேராக வெளிநாட்டில்தான் கொடுப்பேன் என்றால், காப்புரிமை அலுவலகத்தின் முன் அனுமதி கட்டாயம்.

4. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே சாம்பிளை அனுப்புங்கள். டை, மோல்டு யாருக்குச் சொந்தம், ஆர்டர் முடிந்ததும் யார் திருப்பித் தர வேண்டும், வழக்கு வந்தால் எந்த ஊரில் பேசுவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

5. "அங்கே நானே பதிந்து தருகிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அவர் பெயரில் பதிவாகிவிட்டால், நாளைக்கு உங்கள் சரக்கையே அவர் தடுக்க முடியும்.

6. தேதி போட்ட டிராயிங், மெயில், பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். புண்ணை ஆற்ற மஞ்சள் வைக்கும் நம் வீட்டு வைத்தியத்துக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் 1953-ல் அச்சான கட்டுரையையும் காட்டித்தான் 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. ஊருக்கே தெரிந்த விஷயத்துக்கும் எழுத்து ஆதாரம் தேவைப்பட்டது.

இந்தச் செலவுக்கு அரசு மானியம் கிடைக்குமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ராப்பகலாக லேத்தில் நின்று உருவாக்கிய பொருள் இது. அடுத்த சாம்பிளை பேக் செய்வதற்கு முன்னால், அது உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.