கையெழுத்துப் போட்ட தாளின் நகல் எங்கே?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் இரண்டு ஏக்கரில், அடிமாடாகப் போகும் கால்நடைகளை மீட்டு வளர்க்கும் காப்பகம் நடத்துகிறேன். அறக்கட்டளையாகப் பதிவு செய்திருக்கிறோம். ஏழு மாதத்துக்கு முன் கேரளாவுக்குப் போன லாரி ஒன்றைப் போலீஸார் மடக்கினார்கள். உள்ளே 11 மாடுகள், கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடந்தன. இரவோடு இரவாக எங்களிடம் இறக்கிவிட்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் போனார்கள். இரண்டு மாடுகள் இறந்துவிட்டன. ஒன்று கன்று ஈன்றிருக்கிறது. இப்போது ஒரு வியாபாரி, மாடுகள் தன்னுடையவை என்று கோர்ட்டில் மனுப் போட்டு, எங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் வெட்டுக்குத்தான் போகும். மறுக்கலாமா? தீவனச் செலவு கிடைக்குமா? கன்று யாருக்கு?

- வாசகி, கோவை மாவட்டம்

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். லாரிக்குள் அந்த மாடுகள் கிடந்த கிடையை நீங்கள் எழுதியிருந்த பகுதியைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. ஆனால் உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப்போவது அந்த வேதனை அல்ல. அன்றிரவு நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்தான்.

போலீஸார் எதைக் கைப்பற்றினாலும் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். கைப்பற்றிய பொருளை எளிதாகக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாதபோது, 'கேட்கும்போது ஆஜர்படுத்துகிறேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒருவரிடம் ஒப்படைக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பழைய சட்டத்தில் 102. நீங்கள் கொடுத்தது பெரும்பாலும் அந்த உறுதிப் பத்திரமாகத்தான் இருக்கும். அப்படியானால் அந்த மாடுகள் உங்களுடையவை அல்ல. வழக்குச் சொத்து, நீங்கள் காவலர். 'கொடுக்க மாட்டேன்' என்று சொல்லும் உரிமை உங்களுக்குக் கிடையாது. 'இன்ன காரணத்தால் இவரிடம் கொடுக்கக் கூடாது' என்று கோர்ட்டில் சொல்லும் உரிமை உண்டு. வியாபாரிக்குப் பயந்து மாடுகளை வேறு காப்பகத்துக்கு மாற்றுவது, தெரிந்த விவசாயிக்குத் தானமாகக் கொடுப்பது எதையும் செய்துவிடாதீர்கள். நம்பிக்கை மோசடி வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

ஏழு மாதம் என்ன செய்தீர்கள்? எஃப்.ஐ.ஆர். எண் கடிதத்தில் இல்லை. எந்தக் கோர்ட், என்ன பிரிவு என்பதும் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளுக்கு நகல்கூட வாங்கவில்லை. இறந்த இரண்டு மாடுகளுக்குப் பிரேதப் பரிசோதனை செய்யாமல் புதைத்துவிட்டோம் என்கிறீர்கள். லாரியில் பட்ட காயத்தால் செத்தனவா, உங்கள் கொட்டகையில் செத்தனவா என்று எதிர்த்தரப்பு கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? விலா எலும்பு முறிந்திருந்தது என்று கால்நடை மருத்துவர் எழுதிய ஒரு சான்றிதழ் வியாபாரியின் மனுவையே முடித்து வைத்திருக்கும். காப்பகம் நடத்துவோர் பலரும் செய்கிற தவறு இது. மாட்டுக்கு மருந்து போட ஓடுவீர்கள், மஞ்சள் காது வில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணைக் குறித்து வைக்க மாட்டீர்கள். வில்லை எண், நிறம், கொம்பு, சுழி, கயிறு அறுத்த தழும்பு ஆகியவற்றை முதல் நாளே படத்தோடு எழுதி வைத்திருந்தால், மனுவில் சொல்லும் மாடும் உங்களிடம் நிற்கும் மாடும் ஒன்றுதானா என்பதை மனுதாரர் அல்லவா நிரூபிக்க வேண்டியிருக்கும்!

தாமதத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, குற்றம் நடந்த 3 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்கப்பட வேண்டும். அதே சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஆம், இன்றைக்கும் 50 ரூபாய்தான். வெட்கப்பட வேண்டிய தொகை. லாரி டிரைவர் ஒரு காலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அதைக் கட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடும். மாடுகள் யாருக்கு என்ற உத்தரவும் அன்றே வரலாம். காவலரான நீங்கள் கோர்ட்டில் இல்லையென்றால் உங்கள் பக்கத்தை யாரும் சொல்லப் போவதில்லை. ஆகவே முதலில் வழக்கு பதிவானதா, எந்தத் தேதியில், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

'வெட்டுக்குப் போய்விடும்' என்ற வாதம் மட்டும் நிற்காது. மாட்டை வாங்குவதும் விற்பதும் லாரியில் ஏற்றிப் போவதும் குற்றமல்ல. ஏற்றிப்போன விதம்தான் குற்றம். 1978-ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு வாகனத்தில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. பயணத்துக்குத் தகுதியானவை என்ற கால்நடை மருத்துவச் சான்றிதழும் வேண்டும். உங்கள் லாரியில் 11. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தியோதர் பிஞ்சராப்போல் வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம், மாடுகளைக் காப்பகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அது மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை என்றது. கூடவே எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது: குற்றத்தின் கடுமை, உரிமையாளர் மேல் இது முதல் வழக்கா, கைப்பற்றியபோது மாடுகள் இருந்த நிலை, திரும்பப் போனால் மறுபடியும் வதைபடுமா, காப்பகத்தின் நடத்தை எப்படி. முதல் வழக்கென்றால் உரிமையாளருக்கே முன்னுரிமை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்சேபணை மனு இந்த வரிசையிலேயே போக வேண்டும். அவர் மேல் இதற்கு முன் தண்டனை ஏதும் உண்டா என்று தேடச் சொல்லுங்கள்.

தீவனச் செலவைக் கேட்கலாம். வதைத் தடுப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி பராமரிப்புச் செலவு உரிமையாளர் தலையில். வழக்குச் சொத்தான விலங்குகள் பற்றிய 2017-ஆம் ஆண்டு விதிகள் லாரி உரிமையாளர், அனுப்பியவர், பெறுபவர் எல்லோரையும் சேர்த்துப் பொறுப்பாக்குகின்றன. முன்கூட்டியே பிணைப்பத்திரம் வாங்கவும் வழி செய்கின்றன. இந்த விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போயிருப்பதால், மனுப் போடும் நாளில் அவற்றின் நிலையை உங்கள் வழக்கறிஞர் சரிபார்க்க வேண்டும். ஆனால் பில் இல்லாமல் எந்தக் கோர்ட்டும் பணம் வாங்கித் தராது. வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு வாங்கிய கடைக்காரரிடம் போய் அவர் கணக்குப் புத்தகத்தில் உள்ளபடி ரசீது கேளுங்கள். இன்று உட்கார்ந்து பழைய தேதியில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

கன்று? தாய் யாருடையதோ கன்றும் அவருடையதே. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு தரும் உதாரணமே இதுதான்: பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்ட பசு கன்று ஈன்றால், பசுவோடு கன்றையும் திருப்ப வேண்டும். உங்கள் மனம் ஆறாது, எனக்குப் புரிகிறது. அதனால் கன்றை ஆட்சேபணை மனுவிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். பால்குடி மறக்காத கன்றோடு தாயை லாரியில் ஏற்றுவதே வதை என்பது வாதிடத்தக்க காரணம்.

நோட்டீஸில் உள்ள வாய்தா தேதியைத் தவற விடாதீர்கள். அதற்கு முன்பே அந்தக் கோர்ட்டில் நகல் மனுப் போட்டு எஃப்.ஐ.ஆர்., மஹஜர், நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கால்நடை உதவி மருத்துவரை வரவழைத்து மீதமுள்ள ஒன்பது மாடுகளையும் கன்றையும் பரிசோதித்துச் சான்றிதழ் பெறுங்கள். விலங்குகள் நல வாரிய அங்கீகாரம் இருந்தால் அந்தக் கடிதத்தையும், அறக்கட்டளைப் பத்திரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். மூல ஆவணங்களைப் பார்க்காமல் எழுதிய இந்தப் பதிலை மட்டும் நம்பிக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். கட்டணம் கொடுக்க வழியில்லையென்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். உறுதிப் பத்திரம் உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால், பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவிக்கு நீங்கள் உரியவர்.